வடக்கு மதிலுக்கு வெளியே

ஆரணி,
8 செப்டம்பர் 2025

பிரபாகரன் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன்.

இந்த விலாசத்தை வாங்குவதற்காக உங்கள் அக்கா கலைமகளைத் தேடிக் கலசப்பாக்கத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன். போன் நம்பரை மட்டும் தரவே மாட்டேன் என்றுவிட்டார். "சத்தியம் வாங்கிகினு பூட்டான் தேவி, என்னை இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். போகட்டும். ஆறு வருடமாகப் பேசாத புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம்தான் சரி. பாதியில் போனை வைத்துவிட்டுப் போக முடியாது பாருங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும். நம் பூவிழிக்காக.

சர்ச்சின் வடக்கு மதிலை ஒட்டி வெளிப்பக்கமாக மழைநீர்க் கால்வாய் வெட்டப் போகிறார்கள். அங்கே ஆறு மண்மேடுகள் இருக்கின்றன. எல்லாம் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்பே இறந்துபோன குழந்தைகள். அதில் ஒன்று நம்முடையவள். அக்டோபர் முடிவதற்குள் இடத்தைக் காலி செய்து தர வேண்டுமாம். செத்த பிள்ளையைக்கூடக் காலி செய்யச் சொல்கிற ஊர் நம்மூர்.

ஆனால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. இப்போது வந்திருக்கிற போதகர் பழையவரைப் போல இல்லை. "இத்தினி வருஷம் வெளிய போட்டு வச்சதே பாவம்மா, உள்ள கொண்டாந்துடலாம்" என்றார். அவளை எடுத்து வந்து உங்கள் குடும்பக் கல்லறையில், உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யலாம், கல்லில் பெயரும் வெட்டலாம் என்று கமிட்டியில் பேசி முடித்துவிட்டார். குடும்பக் கல்லறை உங்கள் பெயரில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கையெழுத்து.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மணவாளன் அண்ணன் கடையில் டைப் அடிக்கிறேன். சர்ச்சுக்கு வரலாற்று மலர் போடுகிறார்கள். பழைய அடக்கப் பதிவேட்டை முழுவதும் அடித்துத் தரச் சொல்லி எங்கள் கடைக்கு வந்தது. முதல் பக்கம் 1803. கோட்டையில் இருந்த கும்பினிப் பட்டாளத்துக்காரர்கள். வயது இருபது, இருபத்திரண்டு. காய்ச்சல், பேதி, மறுபடி காய்ச்சல். பட்டாளம் போன பிறகு உங்கள் ஆட்களின் பெயர்கள் வருகின்றன. சுண்ணாம்பு சுமந்து இந்த சர்ச்சைக் கட்டிய உங்கள் முப்பாட்டனுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. குதிரைக்குப் புல் வெட்டியவனுக்கும் பெயர் இருக்கிறது. அப்படியே அடித்துக்கொண்டு வந்தேன். 2015 நவம்பர் வந்தது. "பிரபாகரன் குழந்தை, பெண். வெளியே, வடக்கு மதில்."

அவ்வளவுதான். பெயர் போடவில்லை. அதற்கு மேல் எனக்கு விரல் ஓடவில்லை. மணவாளன் அண்ணன் டீ வாங்கி வந்து வைத்தார், அது ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தேவிப்ரியா


ஓசூர்,
19 செப்டம்பர் 2025

தேவி,

கடிதம் கிடைத்தது. நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு உன்னைப் போல் எழுத வராது, தெரியும் உனக்கு.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்? குழியைத் தோண்ட வேண்டாம். பத்து வருடம் ஆகிவிட்டது. பச்சைக் குழந்தை. தோண்டினால் ஒன்றும் இருக்காது. வீணாக உன் மனசுதான் கெட்டுப்போகும். கல்லில் பெயர் வெட்டுவதற்கு என்றால் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். தோண்டுவதற்கு மட்டும் கேட்காதே.

அய்யனார் அண்ணன் எப்படி இருக்கிறார்? இன்னும் அவர்தான் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாரா? பார்த்தால் நான் கேட்டேன் என்று சொல். வேறு எதுவும் அவரிடம் பேச வேண்டாம்.

இங்கே வெல்டிங் வேலைதான், அதே கம்பெனி. வேளைக்குச் சாப்பிடு.

பிரபா


ஆரணி,
27 செப்டம்பர் 2025

"ஒன்றும் இருக்காது" என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தகப்பன் எழுதுகிற வார்த்தையா இது?

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். அய்யனார் அண்ணன் போன பங்குனியில் இறந்துவிட்டார். நாற்பது வருடம் அந்தத் தோட்டத்தில் அடுத்தவர்களுக்குக் குழி வெட்டினார். அவர் இந்து, அதனால் ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். மகன் நெடுஞ்செழியன் இப்போது அந்த வேலையைப் பார்க்கிறான். பெண்டாட்டியை விட்டுப் போனவருக்கு அய்யனார் மேல் மட்டும் இவ்வளவு அக்கறை.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாக யாரிடமும் சொல்லாதது.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டது நான்தான். நெசவுக்காரத் தெருவிலிருந்து உங்களைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். பிள்ளைக்கும் தண்ணீர் தெளித்துவிட்டால் என் அப்பா சிவப்பிரகாசம் இந்த ஜென்மத்தில் எங்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் போகட்டும், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். ஒரு வருடம் ஐந்து மாதத்தில் காய்ச்சல் வந்து அவளே போய்விட்டாள். மதிலுக்கு வெளியே அவளைத் தள்ளியது பழைய போதகர் இல்லை, நான்.

அன்றைக்குக் கொட்டின மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் அம்மா அபிதகுசாம்பாள் வந்தாள். கல்யாணத்துக்கு வராதவள், பிரசவத்துக்கு வராதவள், சாவுக்கு வந்தாள். "பொம்பளைங்க அங்கெல்லாம் போவக்கூடாதுடி, நம்ம வழக்கம் இல்ல" என்று இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடமாகக் கிடைக்காத அம்மா. அந்த மடியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு ஜெபம் கிடையாது என்று போதகர் வரவில்லை. அவர் வராததால் உங்கள் சொந்தபந்தமும் வாசலோடு நின்றுவிட்டது. நீங்களும் அய்யனாரும் மட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். என் பிள்ளையைக் குழியில் வைக்கும்போது நான் என் அம்மா மடியில் படுத்திருந்தேன். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

மூன்றாம் நாள் வழக்கமாவது ஒன்றாவது என்று ஓடி வந்தேன். "எங்க வச்சீங்க?" என்று கேட்டேன். நீங்கள் கையை நீட்டி அந்த மேட்டைக் காட்டினீர்கள். பால் ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள்? மதிலுக்கு உள்ளே, வெள்ளைக்காரன் கல்லறைகளுக்கு நடுவே போய் நிற்பீர்கள். ஒரு தடவைகூட என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. ஒரு வருடம் எவனோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் கல்லறையில் நீங்கள் சாமந்தி வைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குத்தான் "நீ மனுசனே இல்ல, கல்லு" என்று கத்தினேன். அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

உங்கள் கையெழுத்து இனிமேல் வேண்டாம். கலைமகள் அக்காவும் அந்தக் கல்லறைக்கு வாரிசுதான் என்று போதகர் சொன்னார், அக்கா போட்டுக் கொடுத்துவிட்டார். அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. நெடுஞ்செழியன் தோண்டுவான். இந்தத் தடவை நான் பக்கத்தில் நிற்பேன்.

தேவிப்ரியா


ஓசூர்,
6 அக்டோபர் 2025

தேவி,

இதை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் போன பிறகு படி.

அந்த மேட்டுக்குள் பூவிழி இல்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தெரு இடுகாட்டில் போய்க் கேட்டேன். உன் அப்பா பெயரைச் சொல்லியும் முடியாது என்றுவிட்டார்கள். சர்ச்சில் கேட்டதற்கு உள்ளே இடம் இல்லை, வேண்டுமானால் மதிலுக்கு வெளியே என்றார்கள். சரி என்று அங்கேயே அய்யனார் அண்ணன் வெட்டினார். இரண்டடி போகவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. வாளியால் மொண்டு ஊற்றினோம். மொள்ள மொள்ள ஊறியது. பத்தடி தள்ளி இன்னொன்று வெட்டினார், அங்கேயும் அப்படித்தான். "நிக்காதுபா, ஊறிகினே கீது" என்றார். நான் அவளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் மஞ்சள் புடவையில் சுற்றியிருந்தது. என் பிள்ளையைத் தண்ணீருக்குள் எப்படித் தேவி வைப்பேன்? நீ இருந்திருந்தாலும் உன்னாலும் முடிந்திருக்காது.

அண்ணன்தான் "உள்ள வா" என்றார். கிழக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் சின்னக் கல்லறை இருக்கிறது, செங்கல்லால் வளைவு வைத்துக் கட்டியது. காரை உதிர்ந்து பக்கவாட்டில் கல் ஆடிக்கொண்டிருந்தது. "இது உள்ள சொட்டுத் தண்ணி எறங்காது. எரநூறு வருசமா இந்தப் புள்ள ஒண்டியா கெடக்குது. சேத்து வச்சிடலாம், புள்ளைக்குப் புள்ள தொணை" என்றார். நாலைந்து செங்கல்லை எடுத்துவிட்டு, முட்டி போட்டுப் பாதி உடம்பை உள்ளே விட்டு அவளை வைத்தார். மறுபடி கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசினார். பிறகு வெளியே போய் வெறும் குழியை மூடி மேடு கட்டினோம். ஒரு சிலுவையும் நட்டோம்.

"வெளிய தெரிஞ்சா அன்னிக்கே தோண்டிப் போட்டுடுவானுங்க, என் பொழப்பும் பூடும், வாயத் தொறக்காத" என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

மூன்றாம் நாள் நீ ஓடி வந்து கேட்டபோது நாலு பேர் நின்றிருந்தார்கள். கை தானாக அந்த மேட்டைக் காட்டிவிட்டது. நீ பால் ஊற்றினாய். அன்று சாயந்திரமே வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அங்கே ஓடிப் போய்த் தலையை முட்டிக்கொண்டு அழுவாய், ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தேன். அடுத்த வருடம் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ அந்த மேட்டுக்கு வெள்ளையடித்தாய். அதற்கு அடுத்த வருடம் பொம்மை வாங்கி வந்து வைத்தாய். ஒவ்வொரு வருடமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. நீ வெளியே அழுதுகொண்டிருப்பாய், நான் உள்ளே அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். நீ என்னைக் கல்லு என்றபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். கோழைப் பயல் நான். ஊரை விட்டு ஓடினதுதான் என்னால் முடிந்தது.

அண்ணன் போய்விட்டது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பட்டறைக்குப் பின்னால் போய் அழுதேன். இனி இது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான்.

24ஆம் தேதி தோண்டினால் வெறும் மண்தான் வரும். எப்படியாவது நிறுத்து. நீ என்ன செய்யச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன்.

பிரபா


ஆரணி,
26 அக்டோபர் 2025

பிரபா,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டேன். பக்கத்தில் ஆள் இருந்தது. படிக்காமல் இருக்க முடியவில்லை.

நேராக அந்த மேட்டுக்குப் போனேன். காலால் உதைத்தேன். பைத்தியக்காரி மாதிரி உதைத்தேன். பத்து வருடம்! பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை வாங்கி விரித்து வைத்திருக்கிறேன். என்ன சமைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவை மன்னிச்சுடுடி கண்ணு என்று எத்தனை தடவை அந்த மண்ணிடம் கெஞ்சியிருக்கிறேன். ஒரு தண்ணீர்க் குழியிடம்! அவள் முப்பது அடி தள்ளி உள்ளே படுத்திருந்தாள், நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றீர்களே, பாவி.

பிறகுதான் உள்ளே போனேன். கல்லில் பாசி. ஹென்றி, பதினோரு மாதம், 1807. பதிவேட்டில் அந்த வரியை நானே அடித்திருக்கிறேன். தகப்பன் கேப்டன், முழுப் பெயரும் இருக்கிறது. தாய் என்ற இடத்தில் "இவ்வூர்ப் பெண்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அவள் பெயரும் எழுதவில்லை. அவளையாவது அந்தக் கேட்டுக்குள் விட்டார்களோ என்னவோ.

போதகரிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் "சும்மாதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று திரும்பி வந்தேன். சொன்னால் கல்லறையைத் திறப்பார்கள். இருநூறு வருடக் கல்லறையை உடைத்தது யார் என்று கேட்பார்கள். செத்துப்போன அய்யனாரைத் திட்டுவார்கள், நெடுஞ்செழியன் வேலைக்கு உலை வைப்பார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். அவள் ஈரம் படாத இடத்தில் தூங்குகிறாள். இன்னொரு தடவை அவளை யாரும் தூக்கக் கூடாது.

24ஆம் தேதி நான் நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் போனேன். யார் சொல்லித் தெரிந்ததோ, கேட்டுக்குப் பக்கத்தில் என் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் அம்மா, "பொம்பளைங்க போவக்கூடாது" என்று என்னைப் பிடித்து வைத்த அதே அம்மா. கையில் ஒரு முழம் அரக்குப் பட்டு, அப்பா தறியில் அறுத்தது. எலும்பைச் சுற்றுவதற்காம். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தக் கொழந்தைய நான் ஒரு தபா கூட தூக்கலம்மா. இன்னிக்காவது நான் தூக்கினு வரேனே" என்றார். நான் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

நெடுஞ்செழியன் நாலடி தோண்டினான். "ஒண்ணுமே இல்லக்கா" என்று என்னை நிமிர்ந்து பார்த்தான். "பச்சப் புள்ளடா, எலும்பெல்லாம் கரைஞ்சி பூடும். அந்த மண்ணையே அள்ளு" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அப்போதுதான் உங்களைக் கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

மண்ணைப் பட்டில் கட்டி அப்பா கையில் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வடக்கு மதிலைச் சுற்றி, கேட்டுக்குள் வந்து, உங்கள் அம்மா கல்லறை வரைக்கும். வழியெல்லாம் "தாத்தா வந்துட்டேன்டா, தாத்தா வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. போதகர் அவள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். பதிவேட்டிலும் "பூவிழி" என்று எழுதிவிட்டார்கள். வெறும் மண்ணுக்கு என் பிள்ளையின் பெயர். என் பிள்ளைக்கு எவனோ ஒருவனின் பெயர். நான் சத்தம் போட்டு அழுதேன். பிள்ளைக்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவுக்காக அழுதேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆளை நினைத்தால் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கத் தோன்றுகிறது. அந்த மேட்டைக் கைகாட்டின ஆளை நினைத்தால் அறையலாம் போல இருக்கிறது. இரண்டு பேரும் நீங்கள்தான்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். நேற்று அந்தச் சின்னக் கல்லறைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும், உங்களுக்கே தெரியும். அவள் தலை எந்தப் பக்கம் இருக்கிறது?

தேவி


ஓசூர்,
30 அக்டோபர் 2025

தேவி,

எனக்குத் தெரியாது.

அய்யனார் அண்ணன் என் கையிலிருந்து அவளை வாங்கினதும் நான் திரும்பி நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கல்லை எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் திரும்பினேன். அதற்கப்புறம் ஒன்பது வருடம் அவர் உயிரோடு இருந்தார். எந்தப் பக்கம் அண்ணா தலை வச்சீங்க என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. இனி யாரைப் போய்க் கேட்பேன்?

நம் வழக்கப்படி மேற்கே தலை வைப்பார்கள். அவ்வளவு சின்ன ஓட்டைக்குள் அவர் எப்படி வைத்தாரோ. மேற்கு என்றே எழுதிவிடலாம், உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே ஒரு தடவை பொய்யாக உனக்கு ஓர் இடத்தைக் காட்டினவன் நான். இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். நீ ஒரு பக்கம் உட்கார்ந்து கையை வை. நான் இன்னொரு பக்கம் உட்கார்ந்து வைக்கிறேன். இரண்டு பேரில் ஒருத்தர் கை அவள் தலையில் இருக்கும்.

பிரபா